கொடுங்கையூரின் காற்றும் மன்றத்தின் தீர்மானமும்

மதிப்பிற்குரிய சென்னை மாநகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் பேசப்படத் தொடங்கியதிலிருந்து, வடசென்னைவாசிகளாகிய எங்களை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. இதனால் எங்கள் பிள்ளைகளின் நுரையீரலுக்கு என்ன நேரும் என்பதை, கை உயர்த்துவதற்கு முன் நீங்கள் யாரிடம் கேட்டறிவீர்கள்? மன்றத்துக்கு வரும் ஒவ்வொரு தீர்மானத்தோடும் மதிப்பீட்டுத் தொகையும் நிதி ஆதாரமும் எழுதப்படுவதைப் போலவே, சுற்றுவட்டார மக்களின் உடல்நலம் குறித்து மாநகர நல அலுவலர் எழுத்தில் தரும் கருத்தும் இணைக்கப்பட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

எண்ணூர் வட்டாரத்தின் அனல்மின் நிலையங்கள், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, துறைமுகத்துக்கு இரவு பகலாக ஓடும் கண்டெய்னர் லாரிகள், பல்லாண்டுகளாகக் குவிந்த குப்பைமேடு ஆகிய அனைத்தும் ஒரே பகுதியின் காற்றில்தான் கலக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீடுகளைவிட்டு ஓடினார்கள். ஒவ்வோர் ஆலையும் தன் புகைபோக்கி வரம்புக்குள் இருப்பதாகக் கணக்குக் காட்டலாம். அவற்றையெல்லாம் சேர்த்துச் சுவாசிக்கும் குழந்தைக்கு அந்தக் கணக்கு எப்படி உதவும்? வரம்பு என்பதுகூடப் பாதுகாப்புக்கு உறுதி அன்று: காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் புகும் பிஎம் 2.5 நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலகச் சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்ததோ 5.

நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் சேரும் குப்பையை மாநகராட்சி எங்கேனும் கொண்டுசேர்த்தாக வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. துப்புரவுப் பணியாளர்களின் உழைப்பையும் நன்கறிவேன். ஆயினும் வீட்டிலேயே தரம் பிரிக்கப்படாத, ஈரம் மிகுந்த குப்பை நன்றாக எரியாது. அதில் பிவிசி நெகிழியும் கலந்திருந்து, உலையின் வெப்பமும் புகை வடிகட்டிகளும் சரியாகப் பேணப்படாவிட்டால் டையாக்சின் என்னும் நச்சுப்பொருள் வெளியேறும். இது வடக்கின் கவலை மட்டுமன்று. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றியெரிந்தபோது தென்சென்னைக் குடியிருப்புகளும் நாள்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தன.

நான் கேட்பது புதுமையானதும் அன்று. 1939லேயே பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம். அரசமைப்பின் 74ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகரத் திட்டமிடலும் பொதுச் சுகாதாரமும் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. நடைமுறையில் மட்டும் நல அலுவலரை நோய் பரவிய பிறகு கொசு மருந்து அடிக்க அழைக்கிறோம்; இடத்தைத் தேர்வு செய்யும்போது அழைப்பதில்லை.

ஆகவே, கொடுங்கையூர்த் திட்டத்தின் அடுத்த கட்டத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன், அதைச் சூழ்ந்த வார்டுகளின் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இழைப்பு, இருமல், மூச்சுத்திணறல் என்று வந்தவர்களின் எண்ணிக்கையை, பெயர்களை நீக்கி, ஆண்டுவாரியாக வெளியிடுங்கள். ஏற்கெனவே உள்ள மாசோடு புதிய ஆலையின் மாசையும் கூட்டிக் கணித்து நல அலுவலர் தரும் அறிக்கை, எளிய தமிழில், அவ்வார்டு மக்கள் கூடும் பகுதி சபைகளில் வாசிக்கப்படட்டும். மக்கள் சொல்வதைப் பதிவு செய்து, அந்தப் பதிவையும் மன்றத்தின் மேசையில் வைத்த பிறகு வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைவாசி ஒருவர்