வருகைப் பதிவேடு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லாரும் நலம். அக்காவின் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது. என் இடக்கண்ணில் புரை முற்றிவிட்டது என்கிறார்கள். அவசரமில்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள். நீ நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் கண்விழிக்காதே.

உன் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. அன்று வாசிக்க ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று பங்குத்தந்தை கேட்டார். அதை நீ எழுதினால்தான் பொருத்தமாக இருக்கும் என்று இரண்டு முறை செய்தி அனுப்பினேன். நீ படித்துவிட்டதற்கான நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். சரி, நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால், 34 ஆண்டுகள் ஆசிரியப் பணி, அதில் 29 ஆண்டுகள் மூன்றாம் வகுப்பு, ஞாயிறுதோறும் மறைக்கல்வி, இரண்டு பிள்ளைகளின் தாய் என்று நான்கு வரிகளில் முடிந்துவிட்டது. திரும்பப் படித்துப் பார்த்தேன். பணிப் பதிவேட்டிலிருந்து பெயர்த்தெடுத்தது போல இருந்ததே தவிர, அவள் அதில் இல்லை.

பணியில் சேர்ந்த தேதியைச் சரிபார்க்கத்தான் அவளுடைய அலமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் அவளுடைய செபக் குறிப்பேடு இருந்தது. அவள் அதில் எழுதுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. அது வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரியே கோடு போடப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் வரிசை எண்ணும் பெயர்களும், மேலே தேதிகளும், வலது ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு குறுகலான கட்டமும். காலைச் செபத்தில் நினைத்தால் ஒரு சாய்ந்த கோடு, இரவில் 53 மணி செபமாலை முடிந்தபின் அதன்மேல் குறுக்காக இன்னொரு கோடு. பழைய மாணவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், ஒருகாலத்தில் அவளோடு பேசாமல் போன தலைமையாசிரியை வரைக்கும் அதில் இருக்கிறார்கள். வரிசை எண் 1 நீ. 2 அக்கா. நான் 7. எனக்கு முன்னால் இருக்கும் மற்ற நான்கு பேரில் இருவரை எனக்கு யாரென்றே தெரியவில்லை.

உனக்கு எதிரே உள்ள குறிப்புக் கட்டத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வெளிநாடு போன புதிதில் ‘சளி’, ‘தேர்வு’, ‘வீடு மாற்றம்’ என்று எழுதியிருக்கிறாள். பிறகு, ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதத்தில், சிவப்பு மையில் ‘கேட்காதே’ என்று இருக்கிறது. அடுத்த மாதமும் அதே சொல். அதற்கடுத்த மாதமும் அதுதான். கடைசிப் பக்கம் வரை வேறு எதுவுமில்லை. எதைக் கேட்கக் கூடாது என்று அவள் தனக்குத்தானே எழுதி வைத்தாள் என்பது உனக்கும் தெரியும், இப்போது எனக்கும் தெரியும். ஆகையால் நானும் கேட்கவில்லை. (என் பெயருக்கு எதிரே எல்லா மாதமும் ஒரே சொல்தான்: ‘கோபம்’.)

நீ அவளிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஆண்டு நினைவிருக்கிறதா? வீட்டிலும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாய். காணாமல் போன பேனா உன் பையில் கிடைத்தபோது, தன் பிள்ளை என்பதாலேயே ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் உன்னை மாலை வரை வாசலில் நிற்க வைத்தாள். பயந்துபோன வேறொரு பிள்ளை அதை உன் பையில் போட்டது அன்று மாலையே தெரிந்துவிட்டது. இரவு நோட்டுத் திருத்திக்கொண்டே, “நாளைக்கு வகுப்பில் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்” என்றாள். நான் கூடாது என்றேன். வீட்டில் கூப்பிட்டு மடியில் வைத்துச் சொல், போதும், ஆசிரியர் ஒரு படி இறங்கினால் வகுப்பு தலைமேல் ஏறிவிடும் என்றேன். அவள் வாதாடவில்லை. மறுநாள் எல்லாப் பிள்ளைகளையும் எழுந்து நிற்கச் சொல்லி, நேற்று டீச்சர் செய்தது தவறு என்று சொல்லிவிட்டு, உன் பெஞ்சுக்கு வந்து குனிந்து உன்னிடம் தனியாகவும் சொன்னாள். பேனாவைப் போட்டது யார் என்பதைக் கடைசி வரை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. வாழ்க்கைக் குறிப்பில் இதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் இதை எழுத நான் தகுதியானவன்தானா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் அவளுடைய புனித மோனிக்கா கதையைச் சொல்ல வேண்டும், மறைக்கல்வி வகுப்பில் நீ பலமுறை கேட்டதுதான். திருச்சபையை விட்டு விலகியிருந்த மகன் அகுஸ்தீனாருக்காகப் பல ஆண்டுகள் அழுது செபித்த தாய் என்றே எல்லாரும் மோனிக்காவைச் சொல்வார்கள், அது உன் அம்மாவுக்குப் பிடிக்காது. “அழுதது மட்டுமா? பின்னாலேயே கடல் கடந்து மிலான் வரை போனாளே, அதைச் சொல்லுங்கள்” என்பாள். கார்த்தேஜில் மகன் தாயிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாகக் கப்பலேறி ரோமுக்குப் போன பகுதி வரும்போது, “அம்மாவிடம் சொல்லியிருந்தால் போக விட்டிருப்பார்களா?” என்று நீ கேட்டாயாம். அந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாள்!

அந்தக் கதையின் முடிவை நான் இந்த மாதம்தான் சரியாகப் படித்தேன். 387ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவில் மகன் திருமுழுக்குப் பெறுகிறார். அதே ஆண்டில், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த ஒஸ்தியா துறைமுகத்தில், தம் 56ஆம் வயதில் மோனிக்கா இறந்துபோகிறார். மகனுக்கு அப்போது 33ஆம் வயது நடந்துகொண்டிருந்தது. தாயின் கண்களை மூடியவர் அவர்தான். ஆனாலும் அடக்கத்தின்போது அவர் அழவில்லை. கண்ணீரை வலிந்து அடக்கிக்கொண்டு நின்றதையும், பிறகு தனிமையில் அழுது தீர்த்ததையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நீயும் அன்று அப்படித்தான் நின்றாய். எல்லாரும் செபம் சொல்ல, நீ வாயைத் திறக்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உறவினர் அத்தனை பேர் முன்னிலையிலும், “உனக்காக அவள் தேய்த்த செபமாலை எல்லாம் வீண்” என்று சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விமானம் ஏறிவிட்டாய். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடம் பேசுகிறாய், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாய், வைத்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லத்தான் இருந்தேன், இந்தக் கடிதத்தின் முதல் பிரதி அப்படித்தான் இருந்தது.

அன்றிலிருந்து நான் செபிக்கவில்லை, தம்பி. தினமும் திருப்பலிக்குப் போகிறேன், வழக்கமான அதே இடத்தில் முழந்தாளிடுகிறேன், உதடுகள் தாமாக அசைகின்றன. டீச்சர் போனபிறகு சார் எவ்வளவு பக்தியாகிவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. அந்தக் குறிப்பேட்டைத் தொடர்ந்து நடத்தலாம் என்று தேதி போட்டுக் கட்டமும் கட்டினேன். உன் பெயர், அக்கா பெயர் என்று ஒன்பது பெயர் எழுதினேன். ஒரு கோடும் விழவில்லை. உன்னிடம் இல்லை என்று நான் கூவிச் சொன்னது என்னிடம்தான் இல்லை. அவளுக்கு ஓர் இரவு போதுமானதாக இருந்த காரியத்துக்கு எனக்குப் பதினோரு மாதம் ஆகியிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் சொன்னதை ஒரு கடிதத்தில் சொல்லித் தீர்த்துக்கொள்ள முடியாது என்பதும் தெரிகிறது. நினைவுத் திருப்பலி அன்று அதே உறவினர்கள் வருவார்கள். வாழ்க்கைக் குறிப்பை வாசித்த பிறகு நான் சொல்கிறேன். நீ வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன். வந்தே ஆக வேண்டும் என்று இதை எழுதவில்லை.

குறிப்பு எழுத வேண்டும் என்றும் இனி வற்புறுத்த மாட்டேன். பேனா விஷயத்தை நான் எழுதட்டுமா, உனக்குச் சம்மதமா என்று மட்டும் சொல். இரவில் கண்விழிக்காதே, அப்போதே சொன்னேன்.

அவள் மருத்துவமனைக்குப் போன அன்று எல்லாப் பெயருக்கும் நேராகக் காலைக் கோடு மட்டும் இருக்கிறது, குறுக்குக் கோடு இல்லை. குறிப்பேட்டைத் தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. அக்காவிடமும் கொடுக்கவில்லை. அலமாரியில் அதே இடத்தில் வைத்துப் பூட்டி, சாவியை உன் மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா