லென்ஸைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆஸ்கர் பர்னாக் வெட்ஸ்லாரில் உருவாக்கிய சிறிய கேமரா 1925-ல் லைக்காவாகச் சந்தைக்கு வந்த கதை நன்றாகவே இருந்தது. ஆனால் அங்கிருந்து 1954-க்குத் தாவி, காட்சி பார்க்கும் ஜன்னலையும் ஃபோகஸ் பார்க்கும் ஜன்னலையும் முதலில் ஒன்றாக்கியது லைக்கா எம்3 என்று எழுதியிருப்பது சரியல்ல. ஜெர்மனியின் ஜைஸ் ஐகான் நிறுவனம் செய்த கான்டாக்ஸ் 2 அதை 1936-லேயே செய்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளோடு நார்மண்டிக் கரையில் இறங்கியபோது போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காபாவின் கையில் இருந்தது அந்த மாடல்தான்.

இதைவிட எனக்குப் பெரிய குறையாகப் பட்டது ஒன்று உண்டு. கட்டுரை முழுக்க கேமராவின் உடலைப் பற்றியே பேசுகிறது. லென்ஸ் வடிவமைப்பாளர் லுட்விக் பெர்டெலேயின் பெயர்கூட இல்லை. இருபதுகளின் தொடக்க வயதிலேயே எர்னமன் நிறுவனத்துக்காக எர்னோஸ்டார் லென்ஸைக் கணக்கிட்டவர் அவர். பத்திரிகைப் புகைப்படக்காரர் எரிக் சாலமன் ஃப்ளாஷ் இல்லாமல் மாநாட்டு அறைகளுக்குள் படமெடுத்தது அந்த லென்ஸால்தான். 1926-ல் எர்னமன் ஜைஸ் ஐகானோடு இணைந்தது. அப்புறம் 1932-ல் வந்த கான்டாக்ஸுக்காக பெர்டெலே செய்ததுதான் ஸோனார் லென்ஸ்.

அப்போது லென்ஸுக்கு, வெளிச்சம் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் மெல்லிய பூச்சான கோட்டிங் கிடையாது. கண்ணாடி காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கைந்து பங்கு வெளிச்சம் திரும்பிவிடும். போன வெளிச்சம் போகட்டும் என்று விடவும் முடியாது. அது லென்ஸுக்குள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். எஃப்/1.5 ஸோனாரில் (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் புகும்) ஏழு கண்ணாடிகள். அவற்றை மூன்றே தொகுதிகளாக ஒட்டி, காற்றைத் தொடும் பரப்புகளை ஆறோடு நிறுத்தினார் பெர்டெலே. அதைவிட வெளிச்சம் குறைவான லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் எஃப்/2 சும்மார் லென்ஸில்கூட எட்டுப் பரப்புகள். கணினி இல்லாத காலத்தில், ஒளிக்கதிர் ஒவ்வொன்றையும் கையால் கணக்கிட்டு எட்டிய இடம் இது. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

போருக்குப் பிறகு அந்த லென்ஸ் போன வழியும் சொல்லப்பட வேண்டியது. கான்டாக்ஸைத் தயாரிக்கும் கருவிகளைச் சோவியத் ஒன்றியம் போர் இழப்பீடாக எடுத்துக்கொண்டது. கீவ் நகரின் அர்செனால் ஆலையில் அதே கேமரா ‘கீவ்’ ஆனது. ஸோனார் முதலில் ஜெர்மன் கண்ணாடியிலேயே செய்யப்பட்டு, பிறகு உள்நாட்டுக் கண்ணாடிக்கேற்பக் கணக்கு மாற்றப்பட்டு ஜூப்பிட்டர் என்ற பெயரில் வந்தது. ஜப்பானில் நிப்பான் கோகாகுவும் (இன்றைய நிக்கான்) ஸோனார் வடிவத்தைப் பின்பற்றியே நிக்கோர் லென்ஸ்களைச் செய்தது. 1950-ல் லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் 85 மி.மீ. நிக்கோரில் எடுக்கப்பட்ட ஒரு படத்தின் கூர்மையைப் பார்த்து அசந்துபோய், கொரியப் போருக்கு நிக்கோர்களையே கொண்டுபோனார். ஜப்பானிய லென்ஸ்களை உலகம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

இவ்வளவு நல்ல வடிவம் ஏன் பின்வாங்கியது என்பதையும் கட்டுரை தொட்டிருக்கலாம். 50 மி.மீ. ஸோனாரின் பின்கண்ணாடி பிலிமுக்கு மிக அருகில் உட்காரும். ரேஞ்ச்ஃபைண்டரில் அதனால் தொந்தரவில்லை. லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் எஸ்.எல்.ஆர் கேமராவிலோ, லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று மேலெழும்ப வேண்டும். அதற்கு அங்கே இடமில்லை. 1959-ல் நிக்கான் எஃப் என்ற எஸ்.எல்.ஆர் வந்தபோது கோட்டிங்கும் பரவலாகியிருந்ததால், பிலிமிலிருந்து தள்ளி உட்காரும், ஆனால் பரப்புகள் அதிகமுள்ள டபுள் காஸ் என்ற இன்னொரு லென்ஸ் வடிவத்தின் பழைய குறையும் பெரிதாகத் தெரியவில்லை. 50 மி.மீ. லென்ஸ் என்றாலே அந்த வடிவம்தான் என்றாகிவிட்டது.

கட்டுரைக்கு இரண்டாம் பகுதி வருமானால் முழுவதையும் லென்ஸ்களுக்கே ஒதுக்குங்கள். ஸோனார், டபுள் காஸ் இரண்டின் குறுக்குவெட்டுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால், ரேஞ்ச்ஃபைண்டரைத் தொட்டே பார்க்காத வாசகருக்கும் விஷயம் பிடிபடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்