ஒட்டிய ஹெப்பாரினா, ஒழுகிய ஹெப்பாரினா?

அன்புள்ள மாப்ள,

நாலு மாதமாகப் பதில் போடாததற்கு முதலில் திட்டிக்கொள், அப்புறம் மேலே படி. இங்கே எல்லாரும் நலம். தாடிக்காரன் ஓய்வு பெற்றுவிட்டானாம். இனி லிக்விட் நைட்ரஜன் கடன் கேட்க ஆளில்லை.

உன் மாணவியின் வரைபடத்தைப் பார்த்தேன். ரத்தம் படும் பாலிஈதர்சல்ஃபோன் மெம்பிரேனில் (வடிகட்டும் சவ்வில்) பாலிடோபமைன் என்ற ஒட்டும் பூச்சைப் பூசி, அதன்மேல் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைக் கோத்து, ஏபிடிடி (பிளாஸ்மா உறைய ஆகும் நேரம்) 180 நொடியைத் தாண்டியது என்று குதிக்கிறாய். சாதாரண பிளாஸ்மாவே 30, 35 நொடியில் உறையும். இவ்வளவு ஏறினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒட்டாத ஹெப்பாரின் துளைகளில் பதுங்கியிருந்து, பிளாஸ்மா பட்டதும் கரைந்து வந்தாலும் இதே எண்தான் கிடைக்கும். ஹெப்பாரினை அளக்கும் டொலூடின் ப்ளூ சாயமும் காப்பாற்றாது. அந்தச் சாயம் கோத்ததையும் சும்மா படிந்ததையும் ஒன்றாகவே எண்ணும்.

எனவே இரண்டு துண்டு கூடுதலாகப் போடச் சொல். ஒன்று, எல்லாப் படியும் அதேபோல், ஹெப்பாரினின் கார்பாக்சிலைப் பூச்சின் அமைனோடு பிணைக்கும் ஈடிசி மட்டும் இல்லாமல். இன்னொன்று, 2 மோலார் உப்புக் கரைசலில் ஒரு ராத்திரி ஊறி, பிறகு பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் பஃபரில்) அந்த மிகை உப்புப் போக அலசியது. அலசிய துண்டை 37 டிகிரியில் புது பிபிஎஸ்ஸில் 24 மணி நேரம் வைத்து, அந்த நீரில் ஒரு பங்கை ஒன்பது பங்கு பிளாஸ்மாவில் கலந்து ஏபிடிடி பார். வெறும் பிபிஎஸ் கலந்ததைவிட நேரம் நீண்டால் கதை முடிந்தது, ஒழுகல்தான்.

ஒழுகல்தான் என்றால், ஈடிசி வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் சில்லறையாக இருக்கும். டோபமைன் பூச்சுக்கு 10 மில்லிமோலார் டிரிஸ் பஃபர், பிஎச் 8.5, லிட்டருக்கு 2 கிராம் டோபமைன், சரிதான். ஆனால் டிரிஸ்ஸே ஓர் அமைன். அது மெம்பிரேனில் தங்கிவிட்டால் ஹெப்பாரினின் கார்பாக்சிலை அதுவே தட்டிக்கொண்டு போகும். நன்றாகக் கழுவி, பிஎச் 5.5 எம்ஈஎஸ் பஃபருக்கு மாற்றவும். ஈடிசி பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடனே திறக்கிறாளா? ஈரம் ஏறிச் செத்திருக்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்கட்டும். 24 மணி நேரம் பூசியது வேறு கெடுதல்: கறுப்புத் துகள் திரண்டு துளையை அடைக்கும், ஃப்ளக்ஸ் (நீர் வடியும் வேகம்) சரியும். நாலு மணி நேரம் போதும்.

எல்லாம் சரியாக ஒட்டினாலும் ஒரு சிக்கல் உண்டு. ஈடிசி ஹெப்பாரினைப் பல இடத்தில் பிடித்துப் படுக்கவைத்துவிடும். உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ரோம்பின் புரதம் பற்றும் ஐந்து சர்க்கரைத் துண்டும் மாட்டிக்கொள்ளலாம். 1983-ல் லார்ம், லார்சன், ஓல்சன் குழு நைட்ரஸ் அமிலத்தால் சங்கிலியை வெட்டி, முனையில் வந்த ஆல்டிஹைடை மட்டும் பாலிஎத்திலீனிமைனில் கட்டியது இதற்காகத்தான். முடிந்தால் அந்த வழிக்கே போ. பாலிடோபமைனில் அமைன் குறைவு, நீயும் அறிவாய்.

இனி கொஞ்சம் சீரியஸாக. ஏபிடிடி ரீஏஜெண்டிலேயே கயோலின் போன்ற தூண்டி இருக்கிறது. மெம்பிரேன் தன் பங்குக்கு உறைதலைத் தொடங்கிவைக்கும் காரணி XII-ஐ உசுப்பினாலும் அதில் தெரியாது. எதிர்மின்சுமை மிகுந்த பரப்பில் அதுதான் பயம். ஏஎன்69 என்ற டயாலிசிஸ் மெம்பிரேனில் ஏசிஈ தடுப்பி (ரத்த அழுத்த மாத்திரை) சாப்பிட்ட நோயாளிகளுக்கு பிராடிகைனின் ஏறி, ஒவ்வாமை போன்ற அதிர்ச்சி வந்தது உனக்கே தெரியும். தூண்டி இல்லாமல் ரீகால்சிஃபிகேஷன் நேரமும் (கால்சியம் மட்டும் சேர்த்து உறையும் நேரம்) எடு, நோயெதிர்ப்புத் தூண்டலைக் காட்டும் C3a அளவும் வேண்டும்.

மெம்பிரேனில் தட்டணு ஒட்டவில்லை என்று காட்டும் படம் அழகாக இருக்கிறது, அதனால்தான் நம்பவில்லை. துண்டை இடுக்கியால் காற்றில் தூக்கினால் நீர்ப்பரப்பே தட்டணுவை உரித்துவிடும். கிண்ணத்திலேயே பஃபரை மாற்றி மாற்றிக் கழுவி, பிறகு 2.5 சதவீத குளுடரால்டிஹைடு ஊற்றச் சொல்.

அந்த இரண்டு துண்டின் எண் வந்ததும் அனுப்பு, கட்டுரையை அதுவரை அனுப்பாதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மொட்டை