டச்சு பே கடற்கரையில் என் படங்களைக் காப்பாற்றிய அண்ணைக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திருகோணமலை டச்சு பே கடற்கரையில் கடலை வண்டி வைத்திருந்த அண்ணைக்கு இந்த நன்றி. பேரைக் கேட்க மறந்துவிட்டேன்.

தபாலட்டை அளவில் நாற்பது நீர்வண்ணப் படங்கள். கோட்டை வாசலில் படுத்திருக்கும் புள்ளிமான்கள், சுவாமி மலையும் கோணேசர் கோயிலும், கரையில் ஏற்றிவைத்த வள்ளங்கள். பின்பக்கத்தில் 'காசில்லை, எடுத்துக்கொண்டு போங்கோ' என்று எழுதி மதிலில் அடுக்கினேன். திடீரென்று கச்சான் காற்று வீச, அத்தனையும் கடல் பக்கம் பறந்தது. நான் திகைத்து நிற்க, நீங்கள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினீர்கள், அண்ணை. நனைந்தவற்றைச் சாரத்து நுனியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தீர்கள். தேய்த்திருந்தால் வர்ணம் முழுக்கக் கலைந்திருக்கும்.

அப்புறம் செய்ததுதான் பெரிய உதவி. கடலை வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் படங்களை விரித்துக் காட்டி, "பிடிச்சதை எடுங்கோ" என்றீர்கள். ஒரு சின்னப் பிள்ளை மானையா வள்ளத்தையா எடுப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றாள். நீங்கள் அவசரப்படுத்தவே இல்லை. என்னால் அப்படிப் பேசிக் கொடுக்க முடியாது.

இந்தப் படங்களின் ஸ்கேன்களை கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி ஜீரோவில்தான், அதாவது என் பதிப்புரிமையை முழுக்க விட்டுக்கொடுத்துத்தான், விடுகிறேன். யாரும் அச்சடிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். என்னிடம் கேட்கத் தேவையில்லை.

உங்கள் வண்டியையும் வரைந்துவிட்டேன், அண்ணை. வாற ஞாயிறு கொண்டு வருகிறேன்.