பீமனுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ளவர்களே,

தத்துக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டாயிற்று. நாய்தான் என்றாலும், பீமன் இனி எங்கள் வீட்டுப் பிள்ளை. அவனுக்காக அலைந்தவர்களில் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. அதனால்தான் எல்லோருக்குமாகச் சேர்த்து இந்த மடல்.

காலிக் கிடங்கு ஒன்றில் சங்கிலியோடு விடப்பட்டிருந்தவனைப் பற்றி முதலில் தகவல் சொன்னவர், தன் பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சரி, சொல்லவில்லை. நமக்கெதற்கு வம்பு என்று அவர் போயிருந்தால் இந்த மடலே இல்லை. சங்கிலியை வெட்டி, தோலுக்குள் புதைந்திருந்த கழுத்துப்பட்டையைப் பொறுமையாக எடுத்த தம்பிகளே, உங்களுக்கும் நன்றி.

டாக்டரம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பீமன் புல்மாஸ்டிஃப் இனம்; நன்றாக வளர்ந்த ஆண் நாய் 50 முதல் 59 கிலோ வரை இருக்கும். இவன் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தான், அவ்வளவுதான். பார்த்தவர்களெல்லாம் வயிறு நிறையப் போடச் சொன்னபோது, கூடாது என்று தடுத்தவர் அவர். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து இதயமே நின்றுவிடலாமாம். சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்து அளந்து கொடுத்தே தேற்றினார். உடம்பு தேறியதும், கருத்தடை செய்த அதே மயக்கத்தில் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தும் விட்டார். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இப்போது அந்தப் பயம் பெருமளவு குறைந்தது.

அப்புறம், அவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அக்கா. அவர் கொடுத்த நோட்டுப் புத்தகம் இன்னும் எங்கள் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது. "துடைப்பத்தை எடுத்தால் நடுங்குவான், அவன் வெளியே போனபின் பெருக்குங்கள். சாப்பிடும்போது கிண்ணத்தின் அருகே போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால், அதைவிட நல்ல துண்டு ஒன்றைத் தள்ளி நின்று போட்டுவிட்டு நகருங்கள். அந்நியர் வந்தால் குரைக்க மாட்டான், குறுக்கே நிற்பான்."

அந்தக் கடைசி வரி எவ்வளவு உண்மை என்பது என் மைத்துனர் வந்த அன்று தெரிந்தது. சத்தமே இல்லை. வாசற்படிக்குக் குறுக்கே உடம்பை நிறுத்தி, அவர் முழங்காலில் மெல்லச் சாய்ந்தான். மனிதர் சுவரோடு சுவராகிவிட்டார்! 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெரிய பண்ணைகளின் காட்டுக் காவலர்கள் மாஸ்டிஃபையும் புல்டாகையும் கலந்து உருவாக்கிய இனம் இது. இருட்டில் திருட்டு வேட்டைக்காரனை ஓசைப்படாமல் நெருங்கி, கீழே தள்ளி, குதறாமல் அமுக்கி வைப்பதுதான் வேலை. 1924இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அந்த நாட்டுக் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. வேட்டைக்காரனும் மைத்துனரும் பீமனுக்கு இன்னும் ஒன்றுதான்.

தத்துக் கொடுக்கும் குழுவினருக்கு ஒரு வார்த்தை. நான் போன எந்த வேலை நேர்காணலிலும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. அவன் காலொடிந்து விழுந்தால் தூக்க வீட்டில் ஆள் உண்டா, எடைக்கு ஏற்ப ஏறும் மருந்துச் செலவு தாங்குமா, எட்டு ஒன்பது வயதுக்குள் போய்விடக்கூடிய இனம் என்று தெரியுமா? அன்று கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் உங்களில் ஒருவர்கூட "பாவம், ரொம்ப சாது" என்று சொல்லி அவனை எங்கள் தலையில் கட்டவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். மற்ற உதவிகளையெல்லாம்விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

வாய்க்கூட்டுக்குள் தின்பண்டம் தடவி, அவனாகவே மூஞ்சியை நுழைக்கப் பழக்கிய பயிற்சியாளருக்கும், "இவ்வளவு பெரிய மிருகம் தேவையா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, வேலியை உயர்த்தச் சம்மதித்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் நன்றி.

கடினத் தரையில் கிடந்து காய்த்துப்போன முழங்கைகளுக்காக மெத்தை அனுப்பியவர்களே, போதும்! கூடத்தில் நாங்கள் உட்கார இடமில்லை. அக்கா வீட்டுக்கு இப்போது இன்னொருத்தி வந்திருக்கிறாள், மிச்சத்தை அவளுக்கு அனுப்புங்கள். பீமனைப் பார்க்க வருகிறவர்கள் ஃபோன் செய்துவிட்டு வாருங்கள். குறுக்கே நின்றால் தலையைத் தடவப் போகாதீர்கள். கையைத் தொங்கவிட்டுச் சும்மா நில்லுங்கள், மோந்து முடித்ததும் அவனே வழிவிடுவான்.

அன்புடன்,
பீமன் வீட்டார்