தென்காசி வீட்டுச் சுவர்

பாளையங்கோட்டை
மார்கழி 5

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

எம்மா, நீ அனுப்பிய நிற அட்டைப் படங்களைப் பார்த்தேன். பட்டாசலுக்கு, அதுதான் முன்கூடத்துக்கு, எந்த நிறம் என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். பொங்கலுக்குள் பழைய சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கிற பிளாஸ்டிக் பெயிண்ட், அடித்து முடிக்க வேண்டும் என்று சொன்னாயே, அதை முதலில் விட்டுவிடு.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வழக்கம் சுண்ணாம்புக்குப் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவரில் சுண்ணாம்பு அடித்தாலும் ஈரம் அதன் வழியாகவே வெளியே போய்விடும். எமல்ஷன் காய்ந்ததும் தோல் மாதிரி மூடிக்கொள்ளும், ஈரத்தை எளிதில் விடாது. உள்ளே நின்ற தண்ணீர் அந்தத் தோலைத் தள்ளிக் கொப்புளமாக்கும், கூடவே உப்பும் பூக்கும். உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் சாரல் வேறு. தை பாதியில் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துவிடு. சித்திரை வெயிலிலும் வேண்டாம், பெயிண்ட் ரோலர் போகிற வேகத்துக்கு முன்னால் காய்ந்து கோடு கோடாய் நிற்கும்.

அதுவரை ஒரு வேலை செய். ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டு. ஒவ்வொரு சுவரிலும் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒன்று, மேலே ஒன்று. இரண்டு நாள் கழித்துப் பார். தாளின் உள்பக்கம் முத்து முத்தாய்த் தண்ணீர் நின்றால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், சன்னலைத் திறந்து வைத்தால் போகும். கீழ்த் தாளில் மட்டும் நீர் என்றால் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறது, அல்லது பக்கத்தில் குளியலறைக் குழாய் கசிகிறது. மேல் தாளில் என்றால் மொட்டை மாடியைப் பார். கசிவை அடைக்காமல் பெயிண்டை மட்டும் மாற்றினால் அடுத்த மழையில் அதே இடத்தில் உரியும். அஸ்திவார ஈரம் நிற்காத சுவராக இருந்தால் அதைச் சுண்ணாம்போடே விட்டுவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தச் சுவருக்கு அதுதான் மருந்து.

காய்ந்த சுவரை உள்ளங்கையால் தேய். கை வெளுத்தால் பழைய சுண்ணாம்பு உயிரோடு இருக்கிறது. அதன் மேல் பட்டி, அதாவது சுவரை வழுவழுப்பாக்கும் மாவு, பூசினால் பட்டி சுண்ணாம்பைப் பிடிக்கும், சுண்ணாம்பு சுவரை விட்டுவிடும், மொத்தமாய்ப் பெயர்ந்து வரும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, பட்டித் தகட்டால் காரை தெரிகிறவரை சுரண்டச் சொல். பெயிண்டர்கள் இதில்தான் நேரத்தை மிச்சம் பிடிப்பார்கள், பக்கத்தில் நின்று பார். விரல் முட்டியால் தட்டிப் போகும்போது பொள்ளலாய்ச் சத்தம் கேட்கிற காரையை உடைத்துப் புதிதாய்ப் பூச வேண்டும். சிமெண்ட் பூச்சு என்றால் 7 நாள் தண்ணீர் விட்டு, மொத்தம் 28 நாளாவது ஆகட்டும்.

அடுக்களையில் இடுப்பளவுக்குப் பழைய எனாமல் பட்டை இருக்கிறது அல்லவா, அதைக் காய்ந்தபடி தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம். பிள்ளை தவழ்கிற வீடு. தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, அந்தச் சகதியை ஈரத் துணியால் வழித்தெடுத்துக் கட்டி அப்புறப்படுத்து. அப்போது பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதே.

பட்டி வெள்ளை சிமெண்ட் பட்டியாக இருக்கட்டும், அடுக்களைப் பக்கத்துக்கு அதுதான் தாங்கும். ஒரு கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சேர்க்காதே, நீயே சுவருக்குள் உப்பை வைத்துப் பூசினதாகும். குடிக்கிற தண்ணீரில் கலக்கு. கலந்ததை இரண்டரை மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இறுகினதில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால் பிடிப்பு போய்விடும். பூசும் முன் சுவரை லேசாய் நனை. இரண்டு பூச்சும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும், மிகத் தடித்தால் வெடிக்கும். மேடு பள்ளம் பார்க்க, இருட்டினபின் சுவரோரமாய் ஒரு பல்பைச் சாய்த்துப் பிடி, பகலில் தெரியாதது எல்லாம் நிழலாய்த் தெரியும். 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்தபின் பிரைமர், பெயிண்டுக்கு அடியில் போகிற முதல் பூச்சு.

கணக்கு இது: 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் கதவு சன்னல் போக நாலு சுவரும் 390 சதுர அடி வரும். பட்டி 40 கிலோ மூட்டை ஒன்று, பிரைமர் 4 லிட்டர், எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு 4 லிட்டர். ஒரே நிறத்தில் பல டின் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள், டின்னுக்கு டின் சிறு வித்தியாசம் இருக்கும். எவ்வளவு தண்ணீர் என்பது டின்னில் இருக்கும், அளந்து ஊற்றச் சொல். முதலில் சீலிங், பிறகு சுவர். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் 4 முதல் 6 மணி நேரம். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலையில் போய்த்தான் நிறுத்த வேண்டும், நடுவில் டீக்கு இறங்கினால் அந்த இடம் தழும்பாய் நிற்கும். அடிக்கும்போது மின்விசிறி வேண்டாம்.

மாப்பிள்ளை கேட்ட வால்பேப்பரை, தாள் சோதனையில் உலர்ந்திருந்த உள்சுவர் ஒன்றில் மட்டும் ஒட்டலாம். மழை அடிக்கிற வெளிச்சுவரில் பின்னால் பூஞ்சை கறுக்கும். ஒரு ரோல் 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் ரோலுக்கு மூன்று துண்டு. 12 அடிச் சுவருக்கு 7 துண்டு வேண்டும், ஆக 3 ரோல். பெரிய பூ டிசைன் என்றால் பூவோடு பூவைச் சேர்க்கையில் வீணாகும், 4 வாங்கு. எல்லா ரோலிலும் பேட்ச் நம்பர் ஒன்றா என்று பார். முதல் துண்டை மூலையை நம்பி ஒட்டாதே, பழைய வீட்டு மூலை நேராய் இருக்காது. தூக்குக் குண்டு விட்டுக் கோடு போட்டு ஒட்டு. மைதா பசை வேண்டாம், கரப்பான் அரிக்கும்.

பாலித்தீன் தாளை இந்த வாரமே ஒட்டிவிடு. எந்தச் சுவரில், எந்தப் பக்கம் தண்ணீர் நின்றது என்று எழுது. நிற அட்டையை அதுவரை பத்திரமாய் வைத்திரு.

அன்புடன்
அப்பா