அண்ணா, அந்த மலைக்கு என் பங்கு வராது

அன்புள்ள அண்ணா,

மூடிக் கிடக்கும் அந்த ஸ்கீ ரிசார்ட்டை, அதாவது பனிச்சறுக்கு மலையை, சேர்ந்து வாங்க முன்பணம் கட்டும் நாள் நெருங்கிவிட்டது. என் பங்கு வராது. போனில் சொன்னால் பாதியிலேயே சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன். இப்படி ஒரு ரிசார்ட்டுக்கு விலை பேசும் வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன். ஊர், விலை, விற்பவர் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை.

ஆட்களைத் தொங்கும் சேரில் மலைமேல் ஏற்றும் லிஃப்டின் அடிவார மோட்டார் அறையில் கியர்பாக்ஸின் அளவுக்கம்பியை உருவினோமே, அது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருந்தது. ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு "ஆயில்தானே, மாத்திக்கலாம்" என்றாய். அண்ணா, அது தண்ணீர் கலந்த நிறம். வருடக்கணக்கில் ஓடாத கியர்பாக்ஸில் சீல் காய்ந்து வெடிக்கும். பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிருக்கும் உள்ளே ஈரம் வியர்க்கும். ஆயிலில் முங்காத மேல் பற்களிலும் பேரிங்கிலும் துரு குழி பறிக்கும். ஆயிலை மாற்றலாம், குழியை மாற்ற முடியாது. முழுச் சுமையில் ஓடும்போது அந்தக் குழியிலிருந்துதான் உலோகம் பெயரும். அதைப் பிரித்துப் பார்க்காமல் எந்த விலையும் சரியான விலை இல்லை.

சேர்களை இழுக்கும் கேபிள், அந்தக் கம்பிக்கயிறு, இன்னும் மோசம். ஓடுகிற லிஃப்டிலேயே, சேரைத் தாங்கிக் கயிற்றை நிரந்தரமாகக் கவ்வும் கிரிப்பை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கவ்விய இடத்தில் கம்பி களைத்துப்போகும். இங்கே எல்லாச் சேரும் அதே இடத்தில் பல குளிர்காலம் தொங்கியிருக்கின்றன. மேலே பளபளக்கும் கயிற்றுக்குள் கம்பி அறுந்திருப்பது காந்தச் சோதனையில்தான் தெரியும். கயிற்றின் இரு முனையைச் சேர்த்துப் பின்னிய இடத்தையும் அளக்கச் சொல். விட்டத்தைப் போல் 1,200 மடங்கு நீளம் வேண்டும், 28 மி.மீ. கயிறென்றால் 33 மீட்டருக்கு மேல். கிரிப்புகளைக் கழற்றி விரிசல் பார்க்க வேண்டும். பிரேக்கைச் சுமையேற்றித்தான் சோதிக்க வேண்டும், வெறும் சேரை ஓட்டிக் காட்டினால் தலையாட்டிவிடாதே.

சரிவில் செயற்கைப் பனி செய்யத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்களுக்கு வருகிறேன். ஒரு ஏக்கரில் ஓரடிப் பனி போட ஆறேழு லட்சம் லிட்டர் தண்ணீர் ஆகும். மூடிய வருடம் குழாயை வடித்தார்களா என்று கேட்டோம். கிடைத்த பதிலை இங்கே எழுதாமல் விடுகிறேன். வடிக்காத குழாய் உறைந்து பிளந்திருக்கும், மண்ணுக்குள் இருப்பது அழுத்தம் ஏற்றும்வரை தெரியாது. ஓடையில் தண்ணீர் எடுக்கும் அனுமதி பழைய அளவிலேயே உனக்கும் கிடைக்கும் என்று நம்பிவிடாதே.

பிள்ளைகள் இருவரும் அந்தச் சரிவில்தான் பழகினார்கள். அங்கே மறுபடி விளக்கெரிய வேண்டும் என்ற உன் ஆசை எனக்கும் உண்டு. கைகொடுக்க முடியாததற்கு மன்னித்துக்கொள். ஆனால் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று அண்ணியிடம் சொன்னாயாமே? அப்பா நிலம் விற்ற பணம் அது. பயப்படத்தான் செய்வேன்.

எதற்கெடுத்தாலும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து சாடில்பேக் ரிசார்ட்டைக் காட்டுகிறாய். அங்கே 1963-இல் போட்ட இரட்டை இருக்கை லிஃப்டை மாற்றப் பணம் புரளாமல்தான் 2015-இல் மூடினார்கள். 2017-இல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் வாங்குவதாக அறிவித்தது, கைமாறவே இல்லை. 2020 ஜனவரியில் பாஸ்டனின் ஆர்க்டாரிஸ் என்ற முதலீட்டு நிதி 65 லட்சம் டாலருக்கு வாங்கியது. டிசம்பரில் திறந்தபோது பழைய லிஃப்ட் இருந்த இடத்தில் டோப்பல்மேயர் என்ற லிஃப்ட் கம்பெனியின் புது நால்வர் லிஃப்ட் நின்றது. அந்தச் செலவு விலைக்கு மேல். அப்படி ஒரு நிதி நம் பின்னால் இல்லை.

நீ பார்க்க வேண்டியது வெர்மான்ட் மாநிலத்து அஸ்கட்னி ரிசார்ட்டை. 2010-இல் மூடியது. பெரிய லிஃப்ட் நியூ ஹாம்ப்ஷயரின் க்ராட்செட் மவுன்டன் ரிசார்ட்டுக்குப் போய்விட்டது. 2015-இல் வெஸ்ட் விண்ட்சர் ஊரே நிலத்தை ஊர்க்காடாக்கிக்கொண்டது. கீழ்ச்சரிவில் முதலில் இழுவைக் கயிறு, பிறகு டி-பார், அதாவது சறுக்குபவரைத் தரையோடு மேலே இழுக்கும் T வடிவக் கம்பி. நடத்துவதில் பெரும்பங்கு தன்னார்வலர்கள். டி-பார் நின்றுபோனால் ஆள் தரையில்தான் நிற்பான், காற்றில் தொங்கமாட்டான். மீட்புக் குழு, காப்பீடு எல்லாமே அந்த ஒரு வித்தியாசத்தில் மாறிவிடும். மேல் லிஃப்டை மறந்துவிட்டு இப்படி ஒன்றை ஊர்க்காரர்களோடு பேசு, அதற்கு நான் வருகிறேன்.

வெள்ளிக்கிழமை வக்கீலோடு பேசும்போது நான் இருக்கமாட்டேன். கயிற்றையும் கியர்பாக்ஸையும் சோதிக்கும் செலவு முழுக்க என்னுடையது, ஆளை நீ வரச்சொல். அறிக்கை வரும்வரை கையெழுத்தைத் தள்ளிப்போட விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதை முதலில் அண்ணியிடம் சொல்.

உன் தம்பி